மண்டபத்தில் மேளம், வீட்டில் மௌனம்

புலம்பெயர்ந்த எமது மக்கள் எதனைக் கைவிட்டாலும் பூப்புனித நீராட்டு விழாவைக் கைவிடுவதாக இல்லை. ஹவுன்ஸ்லோ, சவுத்தோல், ஹரோ என மேற்கு இலண்டனின் எப்பகுதியை எடுத்துக்கொண்டாலும், பாடசாலைகளின் கோடை விடுமுறை தொடங்கியதும் மண்டபங்கள் நிரம்பிவிடுகின்றன. பதினொரு, பன்னிரண்டு வயதுச் சிறுமி பட்டு உடுத்தப்பட்டு, பல்லக்கில் ஏற்றப்பட்டு, முந்நூறு நானூறு விருந்தினர் முன்னே கொண்டுவரப்படுகின்றாள். மாமன்மார் சீர் கொண்டுவருகின்றனர். மாமிமார் ஆராத்தி எடுக்கின்றனர். கமரா பூட்டிய ட்ரோன் தலைக்கு மேலே சுற்றிவருகின்றது. அப்பிள்ளையின் உடலில் நிகழ்ந்த மாற்றத்தை, அதனை அறிந்துகொள்ள எவ்விதத் தேவையுமற்ற நானூறு பேருக்கும் அறிவித்துவிடுகின்றோம். அறிய வேண்டியவளுக்கு மாத்திரம் அதன் பொருள் என்னவென்று எவரும் சொல்வதில்லை.

விழா நடத்துவதா விடுவதா என்பது அவரவர் குடும்பத்தின் விருப்பம். அதற்கு எதிராக வழக்குரைப்பது இங்கு நோக்கமன்று. இத்தனை செலவு செய்து மகள் பெரியவளாகிவிட்டாள் என்று ஊரறியச் செய்யும் பெற்றோர், பெரியவளானவளுக்குத் தேவைப்படும் மருத்துவ அறிவைக் கொடுப்பதற்கு ஏன் கூசுகின்றார்கள் என்பதே எமது கேள்வி. மகன்மாருக்கோ விழாவும் இல்லை, ஒரு சொல்லும் இல்லை. பாலியல் நலத்துக்கான பரிசோதனை, சிகிச்சை, தடுப்பு முறைகள் அனைத்தும் இந்நகரில் இலவசமாகவும் இரகசியமாகவும் கிடைக்கின்றன. அவற்றுக்கும் எமது பிள்ளைகளுக்கும் இடையே நிற்கும் சுவரின் பெரும்பகுதியைக் கட்டியவர்கள் நாமே.

மேற்சொன்ன விழா நடக்கும் அதே வயதிலேதான் பாடசாலையிலிருந்து ஒரு சம்மதப் படிவம் வீட்டுக்கு வருகின்றது. எச்.பி.வி. எனப்படும் வைரசுக்கு எதிரான தடுப்பூசிக்கான படிவம் அது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் ஏறத்தாழ முழுவதும் இவ்வைரசினாலேயே உண்டாகின்றது. இத்தொடர்பைக் கண்டறிந்த ஜேர்மனிய விஞ்ஞானி ஹரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அதே ஆண்டு செப்ரெம்பரில் பிரித்தானியா 12, 13 வயதுச் சிறுமியருக்கு இத்தடுப்பூசியை வழங்கத் தொடங்கியது. 2019 செப்ரெம்பரிலிருந்து சிறுவர்களுக்கும் வழங்கப்படுகின்றது. 2023இலிருந்து ஒரே ஊசி போதும் என்றாயிற்று. அந்த வயதில் ஊசி வழங்கப்பட்ட பெண்களின் தலைமுறையில் இப்புற்றுநோய் 87 சதவீதம் குறைந்துவிட்டதாக 2021 நவம்பரில் லான்செற் மருத்துவ இதழ் வெளியிட்ட ஆய்வு காட்டியது. புற்றுநோயைத் தடுக்கும் ஊசி என்று வேறெதனையும் சொன்னால் எமது பெற்றோர் விடியற்காலையிலேயே வரிசையில் நிற்பார்கள். இதற்கோ, "உறவினால் பரவுகிற கிருமியாம், என்ர பிள்ளைக்கு இது என்னத்துக்கு?" என்ற கேள்வி எழுகின்றது. சில வீடுகளில் படிவம் கையெழுத்தின்றியே திரும்புகின்றது.

கிருமி உடலுக்குள் வருமுன்னர் கொடுத்தாற்றான் ஊசி முழுப் பயன் தரும். அதனாற்றான் அந்த வயது தெரிவுசெய்யப்பட்டது. உங்கள் மகள் தாலி கட்டிய கணவன் ஒருவனோடு மாத்திரமே வாழப் போகின்றவள் என்றே வைத்துக்கொள்வோம். அக்கணவனின் கடந்த காலத்துக்கு யார் பிணை நிற்பது? பொன்னுருக்கலுக்கு நாள் பார்க்கின்றோம். செவ்வாய் தோசத்துக்குச் சாதகம் பார்க்கின்றோம். வைரசு எந்தச் சாதகத்திலும் எழுதப்படுவதில்லை.

இனி, சிகிச்சை நிலையங்களுக்கு வருவோம். ஹவுன்ஸ்லோ வாழ் மக்களுக்கு அண்மையில் இருப்பது ஐசில்வேர்த்திலுள்ள வெஸ்ற் மிடில்செக்ஸ் பல்கலைக்கழக வைத்தியசாலை. பிள்ளை பெறுவதற்கும் நெஞ்சுநோவுக்கும் எம்மவர் நன்கறிந்த இடம். அவ்வைத்தியசாலை வளாகத்திலேயே பாலியல் நலச் சிகிச்சையும் கிடைக்கின்றது என்பதை எத்தனை பேர் அறிவார்கள்? அங்கே செல்வதற்குக் குடும்ப வைத்தியரின் கடிதம் தேவையில்லை. குடும்ப வைத்தியர் யார் என்று சொல்லவும் தேவையில்லை. உண்மைப் பெயரைக்கூடக் கொடுக்க வேண்டியதில்லை. வசிக்கும் பகுதியிலேயே பார்க்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஐசில்வேர்த்தில் தெரிந்தவர் எவரேனும் கண்டுவிடுவார்கள் என்று அஞ்சும் இளைஞர், ஹவுன்ஸ்லோ சென்ட்ரலில் பிக்கடிலி வழித்தட நிலக்கீழ் தொடருந்தில் ஏறினால், வண்டி மாறாமலே சோஹோவுக்கு அருகில் இறங்கி, 56 டீன் ஸ்ரீற் என்ற பெயர்பெற்ற நிலையத்துக்குச் செல்லலாம். இரண்டையும் நடத்துவது ஒரே வைத்தியசாலை அறக்கட்டளைதான். நேரமும் முன்பதிவு முறையும் மாறுவதுண்டு. புறப்படுமுன் பார்த்துக்கொள்வது நல்லது.

இந்த இரகசியக் காப்பு நேற்று முளைத்ததன்று. முதலாம் உலகப் போரின் நடுவே, 1916இல், அரச ஆணைக்குழு ஒன்றின் அறிக்கையைத் தொடர்ந்து, பாலியல் நோய்களுக்கு நாடெங்கும் இலவசச் சிகிச்சை அளிக்கப்பட வேண்டும், வருவோரின் விபரம் வெளியே போகக்கூடாது என்று பிரித்தானியா விதி செய்தது. ஒழுக்கம் பற்றி விக்ரோரியா காலத்துப் பிடிவாதம் மிகுந்திருந்த சமூகம் அது. வெட்கப்பட வைத்தால் நோயாளி வரமாட்டான், வராவிட்டால் நோய் பரவும் என்ற எளிய கணக்கை அவர்கள் நூறு ஆண்டுகளுக்கு முன்னரே புரிந்துகொண்டார்கள். தேசிய சுகாதார சேவையே 1948இல்தான் பிறந்தது என்பதை நினைவிற் கொள்க.

எமது மக்களில் ஒரு பகுதியினருக்கு வேறோர் அச்சமும் உண்டு. ஹீத்ரோவைச் சுற்றியுள்ள தங்குவிடுதிகளில் தஞ்சக் கோரிக்கையின் முடிவுக்காகக் காத்திருப்போர், மாணவர் விசாவில் வந்தோர், விசா முடிந்தும் தங்கியிருப்போர் ஆகியோர், பரிசோதனைக்குப் போனால் உள்துறை அமைச்சுக்குத் தகவல் போய்விடும் என்று எண்ணுகின்றார்கள். இவ்வச்சத்தை வெறும் அறியாமை என்று ஒதுக்கிவிட எம்மால் முடியாது. 2017 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உடன்பாட்டின் கீழ், சுகாதார சேவையின் மத்தியத் தரவுத்தளத்திலிருந்து நோயாளரின் முகவரிகள் குடிவரவுத் துறைக்குக் கொடுக்கப்பட்டது உண்மை. நாடாளுமன்றச் சுகாதாரக் குழுவும் வைத்தியர்களும் கடுமையாக எதிர்த்ததன் பின்னரே 2018 மே மாதத்தில் அரசாங்கம் பின்வாங்கியது. தரவுத்தளங்களோடு தொழில் செய்பவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல முடியும்: ஒரு தகவல் எங்கே எழுதப்படவில்லையோ, அங்கிருந்து அதனை எவரும் எடுக்க முடியாது. பாலியல் நல நிலையங்களின் பதிவேடுகள் குடும்ப வைத்தியரின் பதிவேட்டிலிருந்து வேறாக வைக்கப்படுவதும், அங்கே உண்மைப் பெயரே கேட்டு வற்புறுத்தப்படாததும் இதனாலேயே பெறுமதி வாய்ந்தவை. பாலியல் தொற்றுகளுக்கான சிகிச்சைக்கு எவரிடமும், அவரது குடிவரவு நிலை எதுவாயினும், கட்டணம் அறவிடப்படுவதில்லை. 2012 ஒக்டோபரிலிருந்து எச்.ஐ.வி. சிகிச்சைக்கும் இது பொருந்துகின்றது.

பெற்றோர் பலரைச் சினங்கொள்ள வைப்பது இன்னொரு செய்தி. பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளையும் பெற்றோருக்குத் தெரியாமல் இந்நிலையங்களில் ஆலோசனையும் கருத்தடையும் பெறலாம். விக்ரோரியா கிலிக் என்ற தாயார் இதனை எதிர்த்து வழக்காடி, 1985இல் பிரபுக்கள் சபையில் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தோற்றார். விடயத்தைப் புரிந்துகொள்ளும் முதிர்ச்சி பிள்ளைக்கு உண்டு என்று வைத்தியர் கருதினால் சிகிச்சை அளிக்கலாம். ஆயினும் பெற்றோரிடம் சொல்லுமாறு முதலில் தூண்ட வேண்டும் என்பதும் அத்தீர்ப்பின் பகுதியே. பதின்மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றாலோ, எவரேனும் பிள்ளையைத் துன்புறுத்துவதாகத் தெரிந்தாலோ, நிலையத்தினர் வாளாவிருக்க மாட்டார்கள். "எங்களைக் கேளாமல் எங்கட பிள்ளைக்கு எப்படி?" என்று கொதிக்கும் தந்தையாரிடம் ஒன்று கேட்க வேண்டும்: உங்களைக் கேட்டுத்தான் ஆகவேண்டும் என்றிருந்தால், அந்தப் பிள்ளை உங்களிடம் வந்திருக்குமா? வந்திருக்காது. ஒருவருக்கும் சொல்லாமல் நோயோடு இருந்திருக்கும். இணையத்தில் பெயர் தெரியாத எவனிடமோ மாத்திரை வாங்கியிருக்கும்.

"இவற்றையெல்லாம் பேசினால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள்" என்பது அடுத்த வாதம். 2020 செப்ரெம்பரில் இங்கிலாந்தின் இடைநிலைப் பாடசாலைகளில் உறவும் பாலியலும் பற்றிய கல்வி கட்டாயமாக்கப்பட்டபோது, எமது வட்ஸ்அப் குழுக்களில் சுற்றிய எச்சரிக்கைகளைப் பலரும் மறந்திருக்க மாட்டீர்கள். கணக்கைப் பார்ப்போம். 1999இல் பிரித்தானிய அரசு பதின்ம வயதுக் கர்ப்பங்களைக் குறைக்கும் திட்டமொன்றைத் தொடங்கியது. பாடசாலையில் கல்வி, எளிதில் அணுகக்கூடிய கருத்தடைச் சேவை ஆகியவையே அதன் அடித்தளம். 1998இல் இங்கிலாந்தில் பதினெட்டு வயதுக்குட்பட்ட பெண்கள் ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ 47 என்றிருந்த கர்ப்ப வீதம், 2018இல் 17க்குக் கீழே இறங்கியது. பேசியதனால் கெட்டுப்போயிருந்தால் இந்த எண் ஏறியல்லவா இருக்க வேண்டும்?

அவசரக் கருத்தடை மாத்திரை பற்றியும் இளையோர் அறிந்திருக்க வேண்டும். வகையைப் பொறுத்து மூன்று அல்லது ஐந்து நாட்களுக்குள் எடுக்க வேண்டியது. எவ்வளவு முந்தியோ அவ்வளவு நல்லது. 2025 ஒக்டோபர் இறுதியிலிருந்து இங்கிலாந்தின் மருந்தகங்களில் இலவசமாகவே கொடுக்கப்படுகின்றது. எமது தாயகத்திலோ, தாயின் உயிரைக் காப்பதற்காக அன்றி வேறெதற்கும் கருக்கலைப்பு கூடாது என்று 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை இன்றும் சொல்கின்றது. அதை எழுதியவர்கள் பிரித்தானியர். அவர்கள் தமது நாட்டில் 1967இலேயே சட்டத்தை மாற்றிக்கொண்டார்கள். நாம் அவர்களது பழைய சட்டத்தை எமது பண்பாடு என்று தலையில் வைத்துக் கொண்டாடுகின்றோம்.

பண்பாடு என்ற சொல் வந்தபடியால் அதனையும் சற்றுப் பார்த்துவிடுவோம். இவ்விடயங்களைத் தமிழிலே பேச முடியாது, சொற்கள் இல்லை, இருந்தாலும் கொச்சையானவை என்பார்கள். மானிப்பாயில் மருத்துவக் கல்வியைத் தமிழிலே நடத்திய அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், 'பிரசவ வைத்தியம்' என்ற நூலை 1857இல் தமிழில் வெளியிட்டார். பெண்ணுடலின் உறுப்புகள் ஒவ்வொன்றையும் யாழ்ப்பாணத்து மாணவர்கள் நூற்று அறுபது ஆண்டுகளுக்கு முன்னரே தமிழிற் படித்தார்கள். ஈழத்தமிழர் ஒருவரை மணந்து இலங்கையில் வாழ்ந்த கனடிய வைத்தியர் மேரி ரட்ணம், 1930களில் கொழும்பில் குடும்பக் கட்டுப்பாட்டுச் சிகிச்சையை ஆரம்பித்தார். 1958இல் அவருக்கு மக்சேசே விருது கிடைத்தது. தமிழகத்திலோ அதே காலத்தில் பெரியாரின் 'குடி அரசு' ஏடு கர்ப்பத்தடையைப் பெண்ணின் உரிமையாகவே எழுதிவந்தது. முன்னோர் பேசினார்கள். வாயை மூடிக்கொண்டது பின்வந்த எமது தலைமுறைதான்.

ஆலயமொன்றின் அறிவித்தற் பலகையில் கருப்பைக் கழுத்துப் பரிசோதனை பற்றிய துண்டுப்பிரசுரத்தை ஒட்ட எமது தொண்டர்கள் அனுமதி கேட்டார்கள். "சாமி இருக்கிற இடத்தில இதையெல்லாம் ஒட்டேலாது தம்பி" என்று பதில் வந்தது. சாமி இருக்கும் இடத்துக்குப் பெயரே கர்ப்பக்கிருகம் அல்லவா என்று கேட்க வாயெடுத்த இளைஞரை மற்றவர்கள் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்துவிட்டார்கள். பலகையில் அன்று நகைக்கடை விளம்பரம் இரண்டும் மண்டப விளம்பரம் ஒன்றும் இருந்தன.

ஹவுன்ஸ்லோவுக்கு அயலிலுள்ள ஹீத்ரோவில் நடந்த ஒன்றை இளையோர் பலர் அறியமாட்டார்கள். 1979 ஜனவரியில், திருமணம் செய்வதற்காக இந்தியாவிலிருந்து வந்திறங்கிய 35 வயது ஆசிரியை ஒருவர், "கன்னித்தன்மைப் பரிசோதனை" என்ற பெயரில் ஆண் வைத்தியர் ஒருவரால் சோதிக்கப்பட்டார். அவர் ஏற்கெனவே மணமானவரா என்று குடிவரவு அதிகாரிகள் ஐயுற்றார்களாம். கார்டியன் நாளிதழ் அதனை வெளிக்கொணர்ந்தது, ஆசியப் பெண்கள் விமான நிலையத்திலேயே ஆர்ப்பாட்டம் செய்தார்கள், சோதனை தடைசெய்யப்பட்டது. பின்னர் அரச ஆவணங்களை ஆராய்ந்தவர்கள், குறைந்தது 80 பெண்கள் இவ்வாறு சோதிக்கப்பட்டிருந்ததை 2011இல் வெளிப்படுத்தினார்கள். வெள்ளையரின் இனவெறிக்குச் சான்றாக இதனை மேடைகளில் எடுத்துக்காட்டுவது முற்றிலும் நியாயமே. ஆனால் கதை அங்கே முடியவில்லை. அதே சோதனையைச் சில குடும்பங்கள் தமது சொந்தப் பெண்பிள்ளைகளுக்குச் செய்விக்கின்றன என்பதனால், 2022 ஜூலையில் இந்நாடு அதனைக் குற்றமாக்க வேண்டியிருந்தது. ஐந்து ஆண்டுகள் வரை சிறை. பிள்ளையை வெளிநாட்டுக்குக் கொண்டுபோய்ச் செய்வித்தாலும் குற்றமே. அதற்கு எவ்வித அறிவியல் அடிப்படையும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2018இலேயே கூறிவிட்டது. குடிவரவு அதிகாரி செய்தால் அவமானம், அன்ரிமார் கூடிப் பேசித் தீர்மானித்தால் குடும்ப மானம் என்பது எந்த ஊர் நியாயம்?

மணமானவர்களுக்கும் இதில் பங்குண்டு. கிளமிடியா என்ற தொற்று பெரும்பாலான பெண்களிடம் எவ்வித அறிகுறியும் காட்டுவதில்லை. சிகிச்சையின்றி விடப்பட்டால் சிலருக்குக் கருக்குழாய்கள் அடைபட்டுப் பிள்ளைப்பேறு தடைப்படலாம். சாதாரண மாத்திரைகளாற் குணமாகும் நோய் அது. பிள்ளையில்லாமைக்குக் காரணங்கள் பல. ஆணிடம் இருப்பனவும் ஏராளம். ஆயினும் கலியாண வீடுகளில் "இன்னும் விசேசம் ஒண்டும் இல்லையோ?" என்று ஒரு பெண்ணைச் சூழ்ந்து நின்று வதைப்பவர்களில் ஒருவராவது, இருவருமாய்ச் சேர்ந்து பரிசோதனைக்குப் போனீர்களா என்று கேட்டதுண்டா?

இங்கிலாந்தில் 2023இல் 85,000க்கும் மேற்பட்ட கொனோரியா நோய்கள் கண்டறியப்பட்டன. 1918இல் கணக்கெடுக்கத் தொடங்கியதிலிருந்து அதுவே உச்சம். மறு ஆண்டு குறைந்தாலும் எண்ணிக்கை எழுபதாயிரத்துக்கு மேலேயே நின்றது. எச்.ஐ.வி. இங்கு புதிதாகக் கண்டறியப்படுவோரில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோர் காலங்கடந்தே அறிகின்றார்கள். இத்தனைக்கும் இன்று ஒழுங்காக மாத்திரை எடுப்பவர் நீண்ட ஆயுளோடு வாழலாம்; குருதியில் வைரசு கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால் துணைவருக்குப் பரவுவதில்லை. தொற்றாமல் முன்கூட்டியே காக்கும் பிரெப் மாத்திரையும் 2020இலிருந்து இந்நிலையங்களில் இலவசம். 2022 ஏப்ரலிலிருந்து இலண்டன் வைத்தியசாலைகளின் அவசரப் பிரிவுகளில், வேறு காரணத்துக்காக எடுக்கப்படும் குருதியிலும், நோயாளி மறுக்காவிட்டால், எச்.ஐ.வி. பார்க்கப்படுகின்றது. மறுக்காதீர்கள். இது வெள்ளையரின் நோய், தன்னினச் சேர்க்கையாளரின் நோய் என்று ஒதுங்குவோர், எமது வீடுகளிலும் தன்னினச் சேர்க்கையாளரான மகன்மாரும் தம்பிமாரும் இருக்கின்றார்கள் என்பதை மறந்து பேசுகின்றார்கள். அவர்களுக்கு வீட்டில் ஒரு நல்ல சொல் கிடைக்காதபோது, சோஹோவிலுள்ள தாதி ஒருவர் அதனைச் சொல்கின்றார். இலங்கைத்தீவு 2019 டிசம்பரில், தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் பரவுவதை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழைப் பெற்றது. யாழ்ப்பாணத்துக் கர்ப்பிணித் தாய் கூசாமல் செய்துகொள்ளும் குருதிப் பரிசோதனைக்கு ஹவுன்ஸ்லோத் தமிழர் ஏன் கூச வேண்டும்?

அரசாங்கத்தின் மீதும் குற்றம் உண்டு. 2013 ஏப்ரலிலிருந்து பாலியல் நலச் சேவை நகரசபைகளின் பொறுப்பில் விடப்பட்டது. 2015இன் பின்னர் அதற்கான பொதுச் சுகாதார நிதியின் உண்மைப் பெறுமதி தேய்ந்துவந்தது. நேரில் பார்ப்பதைக் குறைத்து, தபாலில் பரிசோதனைப் பெட்டி அனுப்பும் முறை பெருகியது. நல்ல முறைதான். ஆனால் மகளுக்கு வரும் ஒவ்வொரு தபாலையும் அம்மா பிரித்துப் பார்க்கும் வீடுகளை, அதனை வடிவமைத்தவர்கள் கண்டிருக்க மாட்டார்கள். கதவைத் தட்டி உள்ளே போகக்கூடிய நிலையங்கள் குறையக்கூடாது என்றும், தமிழில் துண்டுப்பிரசுரங்கள் வேண்டும் என்றும் ஹவுன்ஸ்லோ நகரசபை உறுப்பினர்களிடம் நாம் கேட்க வேண்டும். வாகனத் தரிப்பிடத்துக்கு மனு எழுதத் தெரிந்த எமக்கு இதற்கும் எழுதத் தெரியும்.

1991இல் ஷிவானந்த கான் என்பவர் தெற்காசிய மக்களிடையே எச்.ஐ.வி. பணி செய்ய நாஸ் என்ற அமைப்பை இலண்டனில் தொடங்கினார். எம்மிடம் ஊர்ச்சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்கள், விளையாட்டுக் கழகங்கள் எத்தனை! ஆண்டுதோறும் இராப்போசன விருந்து நடத்தும் சங்கங்கள் ஒரு மாலைப் பொழுதைத் தமிழ் பேசும் வைத்தியர் ஒருவருக்கு ஒதுக்கட்டும். சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைகள், பிள்ளைகள் வகுப்பில் இருக்கும் இரண்டு மணிநேரமும் வெளியே தேநீருடன் காத்திருக்கும் பெற்றோருக்கு அரைமணிநேர உரை ஒன்றை ஒழுங்கு செய்யட்டும். செலவு ஏதுமில்லை.

அதுவரை, தாய்மாருக்கு ஒரு வேண்டுகோள். 25 முதல் 64 வயது வரையான பெண்களுக்குக் கருப்பைக் கழுத்துப் பரிசோதனைக்கான அழைப்பு சுகாதார சேவையிலிருந்து வரும். இலண்டனில் அதற்குப் போவோர் விகிதம் நாட்டின் ஏனைய பகுதிகளைவிடக் குறைவு. அந்தக் கடிதம் இப்போது குளிர்சாதனப் பெட்டியின் மேலே, மின்கட்டணச் சிட்டைகளுக்கு அடியில் கிடக்கின்றதா என்று பாருங்கள். முன்பதிவு செய்யும்போது பெண் தாதி வேண்டும் என்று சொல்லலாம். தமிழ் மொழிபெயர்ப்பாளரையும் கேட்கலாம், கட்டணமில்லை. அறிமுகமானவர் வந்துவிடுவார் என்ற அச்சமிருந்தால் தொலைபேசி வழியாக மொழிபெயர்க்கச் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பதற்கென்று மகளைப் பாடசாலையிலிருந்து மறித்துக் கூட்டிப்போக வேண்டாம். பரிசோதனை முடிந்து வீட்டுக்கு வந்தபின் மாலையில் அவளிடம் சொல்லுங்கள்: எங்கே போனீர்கள், எதற்காகப் போனீர்கள், எவ்வளவு நேரம் எடுத்தது என்று.